பச்சோந்திக்குக் கட்டிய போர்வை

எங்கள் வீட்டுக்குள் மண் வரக்கூடாது. அது அம்மா போட்ட சட்டம். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய சாக்கும் எப்போதும் கிடக்கும். உள்ளே வருகிறவர் யாராயிருந்தாலும் காலைக் கழுவிச் சாக்கில் துடைத்துவிட்டுத்தான் வரவேண்டும். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்கூடக் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள். நீலகிரியில் பிக்கட்டிப் பக்கம், சரிவெல்லாம் கேரட் விளைகிற ஊரில் இப்படி ஒரு சட்டம் போடுவது மழையில் நின்றுகொண்டு நனையமாட்டேன் என்று சொல்வதுபோலத்தான். ஆனால் அம்மாவுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. அவளுக்குக் கேரட் கழுவும் கொட்டகையில் வேலை. விடியுமுன் போய், மண்ணோடு வந்து குவியும் கேரட்டை மெஷினில் தள்ளி, கழுவி வெளியே வந்ததைப் பெரியது சிறியது பிரித்து மூட்டையாக்கிவிட்டு, விரலெல்லாம் ஊறிச் சுருங்கி முற்பகலில் திரும்பி வருவாள். கூலிக்கு மண்ணைக் கழுவுகிறேன், வீட்டிலும் சும்மா கழுவ வேண்டுமா என்பாள்.

வீடு என்று சொன்னாலும் அது முன்னறையும் அடுப்படியும் மட்டுமே கொண்ட லயத்துக் காம்பரா, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து என் அப்பாவைப் பெற்றவர்கள் மூட்டையோடு கொண்டுவந்து இறக்கிய சொற்களில் லயமும் காம்பராவும் உண்டு. அதில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நான்கு பேர். அப்பா தோட்டங்களுக்குப் பூச்சி மருந்தடிக்கப் போவார். அவருடைய தம்பியான சித்தப்பா கேரட் லாரி ஓட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருவார். நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பகலில் தூங்கவேண்டியவள். முன்னறை ஜன்னலோரத்தில் கொஞ்சம் வெயில் விழும் மூலை ஒன்று உண்டு. அங்கே கனத்த கம்பளிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பாள். சித்தப்பா சட்டை எடுக்க அவளைத் தாண்டிப் போவார். அப்பா டிவியைப் போட அவளைத் தாண்டிப் போவார். பக்கத்துக் காம்பரா அக்கா சர்க்கரை கேட்டு வந்தால் அவளை எழுப்பித்தான் கேட்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போர்வையை விலக்கி, அவளுடைய கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்து, தூங்குகிறாயா என்று கேட்பேன். இல்லை என்றுதான் எப்போதும் சொல்வாள். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சித்தப்பா காலிச் சாக்குக் குவியலுக்கு நடுவிலிருந்து ஒரு பச்சோந்தியை எடுத்துக்கொண்டு வந்தார். மேட்டுப்பாளையத்தில் தானாகவே லாரியில் ஏறிக்கொண்டது என்று சத்தியம் செய்தார். சித்தப்பாவின் சத்தியத்துக்கு எங்கள் வீட்டில் அவ்வளவாக மதிப்பு கிடையாது. இருந்தாலும் எங்கள் மலையில் ஓணான் பார்த்திருக்கிறோமே தவிர இப்படி ஒரு பிராணியைப் பார்த்ததில்லை. ஒரு கண் கூரையைப் பார்க்க, மறு கண் என்னைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று ஆடி ஆடி யோசித்து, பிறகு வைத்தது. மணமேடைக்கு வருகிற மாப்பிள்ளை நடை என்றார் சித்தப்பா. மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஊட்டிக் குளிரில் கொசுவுக்கு ஏது வேலை? யாரோ எப்போதோ இலவசமாகக் கொடுத்த கொசுவலை ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை மாப்பிள்ளைக்குக் கட்டினோம். குளிர் தாங்காது என்று ஒரு குண்டு பல்பும் தொங்கவிட்டோம். வெயில் விழும் மூலைதான் சரிப்படும் என்று சித்தப்பா முடிவு செய்ததால் வலை ஜன்னலோரத்தில் ஏறியது. அம்மாவின் படுக்கை நடு அறைக்கு நகர்ந்தது. அவளை யாரும் கேட்டதாக நினைவில்லை. மண்ணை மட்டும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்றாள். அதனால் பேரிக்காய் மரக் கிளையைக் கழுவி எடுத்து, பெயின்ட் டப்பாவில் கூழாங்கல் போட்டு நட்டோம். அடியில் செய்தித்தாள் விரித்தோம். நான் தினமும் ஈரத்துணியால் மாப்பிள்ளையின் விரல்களைத் துடைத்துவிட்டேன். கேரட்டைக்கூட அவ்வளவு சுத்தமாக யாரும் கழுவியிருக்கமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் வெட்டுக்கிளி பிடிக்கப் போவேன். வலைக்குள் விட்டால் மாப்பிள்ளை நாக்கை நீட்டுவது கண்ணுக்குத் தெரியாது. வெட்டுக்கிளி காணாமல் போவதுதான் தெரியும். நாளாக நாளாக வயிறு இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு வந்தது. எல்லாம் என் கைராசி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. வெட்டுக்கிளியை விட்டால் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வெட்டுக்கிளி அதன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் இலையில் தெளித்த தண்ணீரை மட்டும் விடாமல் நக்கிக் குடித்தது. பச்சை கறுத்து, உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. அதைவிட விசித்திரம் அதன் நடை. யோசித்து யோசித்துக் கால்வைத்த பிராணி, காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் நடந்தது. கிளையைவிட்டுக் கீழே இறங்கும். செய்தித்தாளை முன்னங்காலால் பிராண்டும். வலையின் மூலைக்குப் போய் அங்கேயும் பிராண்டும். பாவம், தவறி விழுந்துவிட்டது என்று யாராவது தூக்கிக் கிளையில் விடுவோம். மறுபடி இறங்கும். மறுபடி தூக்கி விடுவோம். அந்தப் பக்கம் போகிற வருகிற எல்லோருக்கும் இது ஒரு புண்ணிய காரியமாகிவிட்டது.

குளிர் என்றார் அப்பா. கணப்புச் சட்டியைக் கொண்டுபோய் அருகில் வைத்தோம். அது இன்னும் கறுத்து, தள்ளிப்போய் உட்கார்ந்தது. ஜோடி தேடுகிறது என்றார் சித்தப்பா. கண் பட்டுவிட்டது என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. உப்பைச் சுற்றிப் மலை ஊற்றைக் குழாயில் இறக்கிய பீலித் தண்ணீரில் கரைத்தோம். பகலிலேயே அது ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. செத்துப்போகும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. நான் சோற்றைத் தொடவில்லை. வீடே என்னைத் தாங்கியது. அந்த நாட்களில் அம்மாவும் பாதித் தட்டோடு எழுந்து போய்க்கொண்டிருந்தாள். பீலியடியில் குடம் நிரம்பி வழிய, கையில் ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருப்பாள். என்ன நிற்கிறாய் என்று யாராவது கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதை யாரும் ஒரு நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டால் அசதி என்பாள். அசதி எங்கள் லயத்தில் எல்லோருக்கும்தான் இருந்தது.

என் அழுகை தாங்காமல் சித்தப்பா மாப்பிள்ளையைத் துண்டில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மாடு கொண்டுவந்தவர்களை முதலில் அனுப்பினார். பிறகு யாரிடமோ போனில் வெகுநேரம் பேசிக் கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் வயிற்றை ஒரு விரலால் மெல்லத் தடவினார்.

“ஏனுங்க, இது மாப்பிள்ளை இல்லீங்க. வயித்துக்குள்ள முட்டை கெடக்குது.”

சித்தப்பா தனக்கு யாரோ பெண் கொடுக்க மறுத்ததுபோல நின்றார். டாக்டர் நிதானமாகச் சொன்னார். தீனி எடுக்காமல் தண்ணீர் மட்டும் குடிப்பதும், நிறம் மாறுவதும், கீழே இறங்கிப் பிராண்டுவதும் முட்டையிட இடம் தேடுகிற அடையாளமாம். கதகதப்பான, ஈரமான மண் முழங்கை ஆழத்துக்கு வேண்டும். தோண்டி, அதற்குள் இட்டு மூடும். மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அடக்கி அடக்கி அதனாலேயே செத்துப்போகும். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அடியில் கிடக்க ஆரம்பித்தால் அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டும், அது தன்னால் ஆகாது என்றார். கடைசியாக, இது காட்டுப் பிராணி, வீட்டில் வைத்திருப்பதே குற்றம், முட்டையிட்டதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் நான் எதையும் பார்க்கவில்லை என்று மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மண் தேடி இறங்கிய பிராணியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, அன்போடு, தூக்கித் தூக்கி மேலே விட்டிருக்கிறோம்.

ஊரெல்லாம் மண். ஆனாலும் அதில் ஒரு பிடி உதவாது என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த மண்ணில் மருந்தடித்தவரே அவர்தான். மறுநாள் சித்தப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து, ஆற்றோரத்து மணலும் மண்ணும் கலந்த ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நம்மைக் கப்பலேற்றி இறக்கிவிட்டபோது பழைய ஊர் மண்ணை யாரும் இப்படித் தூக்கிக்கொண்டு வரவில்லை என்று அப்பா சொன்னார். அவர் சிரித்தாரா இல்லையா என்பது தெரியவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வாசலில் இருந்த கால் கழுவும் வாளியை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

“உள்ள கொண்டாங்க தம்பி.”

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணைக் கொட்டி, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வலைக்குள் பல்புக்கு அடியில் வைத்தோம். மாப்பிள்ளை சிறிது நேரத்திலேயே இறங்கிவந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தது. தோண்ட ஆரம்பித்தது. நான் போய் லயம் முழுக்கச் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள். அம்மாவின் சட்டப்படி கால் கழுவிக்கொண்டு வரிசையாக வந்து, வலையைச் சுற்றிக் குந்தினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா போனில் படம் பிடித்தார். நடு அறையில் அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளைச் சுற்றியும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை தலை மறைகிற அளவுக்குத் தோண்டியது. பிறகு வெளியே வந்தது. ஒரு கண் இந்தப் பக்கத்து ஆட்களைப் பார்த்தது. இன்னொரு கண் அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்த்தது. குழியை அப்படியே விட்டுவிட்டுக் கிளையில் ஏறிக்கொண்டது. மறுநாள் வேறொரு மூலையில் தோண்டியது. அதையும் பாதியில் விட்டது. அப்புறம் ஒரு பிற்பகலில் தோண்டவே இல்லை. மண்ணின்மேல் வயிற்றை வைத்துப் படுத்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து நான் ஓவென்று அழுதேன். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தண்ணீரை ஊற்று என்றார் ஒருவர். தூக்கிக் கிளையில் விடு என்றார் இன்னொருவர்.

அம்மா எழுந்தாள். தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல இல்லை. தன்மேல் கிடந்த போர்வையை எடுத்து உதறினாள். அதன் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையைச் சுவர் ஆணியிலும் கட்டி, வலையிருந்த மூலையை முழுக்க மறைத்தாள். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். அன்றும் சத்தம் போடவில்லை.

“எல்லாரும் வெளிய போங்க. இத்தன பேரு குந்திக்கிட்டுப் பாத்தா அது எப்புடி முட்ட போடும்?”

போனார்கள். சித்தப்பாவும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். தொட்டிக்குக் காவலாகத் தான் உள்ளே உட்காரப்போவதாகவும், யாரும் போர்வையைத் தூக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது, சோறு சட்டியில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். மறுநாளும் கொட்டகையிலிருந்து வந்ததும் நேராகப் போர்வைக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்குக் கோபமான கோபம். வெட்டுக்கிளி பிடித்தவள் நான், விரல் துடைத்தவள் நான், முட்டையிடுவதைப் பார்க்கப்போகிறவள் மட்டும் அம்மாவா?

போர்வையில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். தொட்டியில் மாப்பிள்ளையின் வால் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் மண்ணுக்குள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தூங்கவும் இல்லை. கண் திறந்திருந்தது. அழவில்லை, சிரிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம், அம்மா காவலே பார்க்கவில்லை என்று கோள் சொன்னேன்.

இப்போது கோயம்புத்தூரில் வேலைவிட்டு வந்து, குளியலறையைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் சில நாட்களில். வெளியிலிருந்து என் மகன், என்ன பண்ணுகிறாய் என்று கதவைத் தட்டுகிறான். குளிக்கிறேன் என்கிறேன்.

அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா போர்வையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, போட்டுவிட்டது என்றாள். மாப்பிள்ளை கிளையின் அடியில், வயிறு ஒட்டி, தலையெல்லாம் மண்ணாக நின்றது. தொட்டியில் குழி இருந்த இடமே தெரியாமல் மூடி மட்டமாக்கியிருந்தது. இலையில் தண்ணீர் தெளிக்கத் தெளிக்கக் குடித்துக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. முட்டை எப்படி வந்தது, எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன்.

“நான் எங்க பாத்தேன்? நானும் அதப் பாக்கல, அதுவும் என்னப் பாக்கல.”

அடுத்த நடையில் சித்தப்பா தொட்டியை மண்ணோடு அப்படியே தூக்கி லாரியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் போயிற்று. இரண்டையும் ஆற்றோரத்தில், மண் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை மட்டும் நாங்கள் எல்லோரும் நம்பினோம். நான் அழுது முடித்து, கொசுவலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். போர்வையையும் அவிழ்க்கப் போனபோது அம்மா தடுத்தாள்.

“இருக்கட்டும் பாப்பா. இன்னும் ரெண்டு நாளு கெடக்கட்டும்.”

போர்வைக்குப் பின்னால் இப்போது ஒன்றுமே இல்லை. யாரிடமிருந்து எதை மறைக்கவேண்டும்? ஆனால் அம்மா கொட்டகையிலிருந்து வந்ததும் வாசலில் காலைக் கழுவிக்கொண்டு அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இராத்திரி குளிருக்குப் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் படுத்தாளே தவிர போர்வையை அவிழ்க்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை போன துக்கத்தை அம்மாவால் தாங்கமுடியவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தவள் அல்லவா? அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா முகம் வாடிப்போயிற்று. இத்தனை பாசம் வைத்திருந்தாளா என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஆண்கள் நல்லவர்கள். அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பச்சையும் மஞ்சளும் நீலமுமாக அவை ஒரு நொடி வாயை மூடவில்லை. அம்மா பீலிக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் நாங்கள் அவசர அவசரமாகப் போர்வையை அவிழ்த்து மடித்துவைத்தோம். அதே மூலையில், அதே ஆணியில் கூண்டை மாட்டினோம். பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். நான் ஓடிப்போய், ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் ஈரக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடு அறையில் நிறுத்தினேன். சித்தப்பா போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குந்தியபடி, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா மூலையைப் பார்த்தாள். மடித்துவைத்த போர்வையைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து, நல்லா இருக்கு என்றாள்.

அம்மாவுக்குச் சரியாகிவிட்டது என்று நான்தான் முதலில் கைதட்டினேன்.